வாய்ஸ் அனுப்பும் நண்பர்

"ஆங்... சார்... நான்தான் பேசறேன்" என்று தொடங்கி, இருமுறை தொண்டையைச் செருமி, "ரெக்கார்ட் ஆகுதா? ம்... ஆகுது, ஆகுது" என்று தாமே வினவித் தாமே விடையும் பகர்ந்துகொண்டு, விஷயத்துக்கு வருவதுபோல் போக்குக் காட்டி, வராமலே ஒரு நிமிஷத்தைக் கழித்துவிடும் அந்த நண்பரை நான் வர்ணித்துத்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கைப்பேசி வைத்திருப்போர் ஒவ்வொருவருக்கும் விதி அப்படி ஒருவரையேனும் அருளியிருக்கிறது. அவருடைய பெயரும், ஊட்டி மலர்க் கண்காட்சியில் எடுத்துக்கொண்ட படமும் திரையில் பளிச்சென்று தெரியும்போது, "நான்தான்" என்ற அறிவிப்புக்கு என்ன அவசியம் என்று கேட்கலாகாது. அவசியம் பார்த்துப் பேசுகிறவர் வாய்ஸ் அனுப்புவதில்லை.

குறிப்பிட்ட ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு இதை நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வர்க்கத்தினர் எல்லா ஊர்களிலும், எல்லா வயதிலும், ஆண்களிலும் பெண்களிலும் உண்டு. ஆயினும் அவர்கள் பொதுவாக அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களாகவும், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்களாகவும், காலை ஏழு மணிக்கு வாசற்படியில் நின்று கீரை வாங்குகிறவர்களாகவும், மைத்துனர் ஒருவரோடு இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாகவும் இருப்பது கேவலம் தற்செயலே.

நாம் அவரிடம் கேட்டது என்னவோ ஒரே வரிதான்: "ஞாயிற்றுக்கிழமை கச்சேரி ஐந்து மணிக்கா, ஆறு மணிக்கா?" ஐந்து அல்லது ஆறு என்று ஓர் இலக்கத்தைத் தட்டி அனுப்பிவிட்டால் கேட்டவன், சொன்னவன் இருவருக்கும் காரியம் முடிந்தது. ஆனால் நண்பரிடமிருந்து வந்து சேர்வதோ நான்கு நிமிஷம் பன்னிரண்டு விநாடி நீளமுள்ள ஒரு வாய்ஸ். முதல் நிமிஷத்தில், சென்ற வருஷம் அதே சபாவில் மிருதங்கக்காரர் தாமதமாக வந்ததும், அதனால் இவர் கான்டீனுக்குப் போய் வாழைப்பூ வடை சாப்பிட்டதும், அந்த வடை பழைய சமையற்காரர் காலத்து வடைக்கு எவ்விதத்திலும் ஈடாகாதது என்ற அபிப்பிராயமும் அடங்கியிருக்கின்றன. இரண்டாவது நிமிஷத்தில் கீரைக்காரம்மாள் பிரவேசிக்கிறாள். "அரைக்கீரை கட்டு இருபதா? போன வாரம் பதினஞ்சுக்குத்தானே குடுத்தே?" என்ற வழக்கு வாதிப் பிரதிவாதியோடு முழுமையாக நம் காதில் விசாரிக்கப்பட்டு, பதினெட்டு ரூபாய்க்கு ராஜியாகிறது. மூன்றாவது நிமிஷத்தில் நண்பர் நம் நினைவு வந்தவராக, "எங்க விட்டேன்?" என்று நம்மையே கேட்கிறார். பதில் சொல்ல நாம் அங்கே இல்லை. பிறகு, "ஆங், கச்சேரி! அதனால சார், நீங்க என்ன பண்றீங்க, கரெக்டா..." என்று அவர் சொல்லும் அந்தப் பொன்னான க்ஷணத்தில் உள்ளேயிருந்து குக்கர் மூன்றாவது விசிலை அடிக்கிறது. விசில் ஓய்ந்தபின், "...மணிக்கு அங்க இருந்துடுங்க" என்று ஸ்பஷ்டமாகக் கேட்கிறது. அதற்கும் பின்னால் அவருடைய மனைவியார் தூரத்திலிருந்து, "இல்லையே, டைமை மாத்திட்டாங்கன்னு சொன்னாங்களே" என்று கூறுவதும் பதிவாகியிருக்கிறது. "சரி, வெச்சிடட்டுமா?" என்று விடைபெற்றுக்கொள்கிறார். நம்முடைய அனுமதியின்றி அவரால் முடிக்க இயலாதாம்!

தொலைபேசி எண்ணைத் தெரிவிக்கும் வைபவம் இதனினும் விசேஷமானது. நல்ல பிளம்பர் ஒருவரின் எண் வேண்டும் என்று கேட்டால், அந்த எண்ணைக் கைப்பேசியிலிருந்து அப்படியே அனுப்பிவைக்க வழி இருப்பதை அவர் அறிவார். அறிந்தும் வாய்ஸிலேயே சொல்கிறார். "ஒன்பது, எட்டு... இருங்க சார், கண்ணாடியை எங்க வெச்சேன்... ஆங், எட்டு இல்லை, அது மூணு. ஒன்பது, மூணு, டபுள் நாலு, அப்புறம்..." என்று அவர் ஊர்ந்து செல்லும்போது, ஒரு கையில் பேனாவும் மறு கையில் கைப்பேசியுமாகப் பால் கணக்குச் சீட்டின் முதுகில் நாம் எழுதிக்கொண்டே போனால், இறுதியில் ஒன்பது இலக்கங்களே தேறுகின்றன. விடுபட்டது எது என்று பார்க்க, திரையிலுள்ள அந்த மெல்லிய கோட்டை விரலால் பின்னுக்கு நகர்த்தினால், அது எண்ணுக்குச் சற்று முன்னால் நிற்பதே கிடையாது. நேரே கீரைக்காரம்மாளிடம் போய் நிற்கிறது. பதினெட்டு ரூபாய்க்கு மறுபடியும் ராஜியாக வேண்டியதுதான்.

காலத்தின் விசித்திரத்தை என்னவென்பது! வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று வசூலித்து, "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்ற அளவுக்குத் துக்கத்தையே நறுக்குத் தெறித்தாற்போல் சொல்லப் பழக்கி, கல்யாண வாழ்த்தைக்கூட அச்சிட்ட பட்டியலிலுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கிவைத்திருந்த தந்தி சேவை, நம் தேசத்தில் 2013ஆம் வருஷம் ஜூலை மாதத்தின் நடுவில் மூடப்பட்டது. சரியாக அடுத்த மாதம், ஆகஸ்டில், குரலைப் பதிந்து அனுப்பும் வசதி வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. சொற்சிக்கனத்துக்குக் கருமாதி முடிந்த கையோடு சொல் விரயத்துக்குப் புண்ணியாகவாசனம்! டிரங்க் கால் காலத்தில் மூன்று நிமிஷம் ஆனதும் எக்ஸ்சேஞ்சுப் பெண்மணி குறுக்கிட்டு நினைவூட்டுவாள். எவ்வளவு பெரிய வாயாடியும் அந்தக் குரலுக்கு அஞ்சினார். வாட்ஸ்அப்பிலும் ஆரம்பத்தில் ஒரு சிறு தடை இருக்கத்தான் இருந்தது: பேசி முடிக்கும் வரையில் மைக் படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், கட்டைவிரல் கடுத்தால் கதையும் நிற்கும். பிறகு யாரோ ஒரு புண்ணியவான், விரலை மேலே தள்ளினால் அது பூட்டிக்கொண்டு, கை வீசி நடந்தபடியே பேசலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டான். மனிதனுடைய பேச்சுக்கு இயற்கை விதித்திருந்த கடைசி எல்லையும் அன்றோடு நீங்கியது.

கேட்டுவிட்டதாகப் பொய் சொல்லித் தப்பலாம் என்றால் அதற்கும் இடமில்லை. எழுதி அனுப்பிய செய்தியைப் படித்தோமா இல்லையா என்று காட்டும் நீல டிக்கை, 2014இல் அது வந்த சில நாட்களிலேயே எழுந்த கூக்குரலுக்கு இணங்கி, வேண்டாதவர்கள் அணைத்து வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். ஆனால் அந்தக் கருணை வாய்ஸுக்குக் கிடையாது. நாம் கேட்டுவிட்டால் அங்கே அவருடைய கைப்பேசியில் மைக் நீலமாகும். அதை மறைக்க உபாயம் ஒன்றும் இல்லை. நண்பர் இந்தச் சாஸ்திரத்தில் கரைகண்டவர். "என்ன சார், மைக் இன்னும் நீலமாகலையே?" என்று சாயங்காலம் விசாரணை வரும். அந்த விசாரணையும் ஒரு வாய்ஸ்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2021ஆம் வருஷத்தில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி வந்தபோது, என்னைப் போன்ற எத்தனையோ அநாதைகளின் பிரார்த்தனை பலித்ததாக எண்ணினேன். இரட்டை வேகத்தில் நண்பரும் ஒரு கெட்டிக்கார வக்கீலைப்போல் காரசாரமாக விஷயத்தை நெருங்குவதாகத் தோன்றும். ஆனால் அதனால் விளைந்த அனர்த்தம் வேறு. சில மாத காலம் அவரை அந்த வேகத்திலேயே கேட்டுப் பழகிவிட்டு, ஒரு நாள் தபால் நிலைய வாசலில் நேரில் சந்தித்தபோது, அவருடைய பேச்சு அவ்வளவு மந்தகதியில் வந்ததைக் கண்டு, நாவில் ஏதேனும் கோளாறோ என்று மெய்யாகவே கவலையுற்று, "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டேன். இருந்தது. சர்க்கரை, முழங்கால், இடது கண்ணில் புரை. வெயிலில் நின்று கேட்டேன்.

காலைதோறும் தாமரைப்பூவின்மேல் "இனிய காலை வணக்கம்" பொறித்து அனுப்புகிறவர், "ஹாய்" என்று மட்டும் போட்டுவிட்டு அரை நாள் மௌன விரதம் காப்பவர், எதற்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதோடு சரி என்றிருப்பவர் ஆகியோரும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களால் பெரிய தீங்கில்லை.

வாய்ஸால் வரும் தீங்கு உண்மையானது. சமீபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்து இலை போடக் காத்திருந்த வேளையில் நண்பருடைய வாய்ஸ் வந்தது. கைப்பேசியைக் காதோடு காதாக அணைத்துவைத்து, பத்திரமாகக் கேட்டு முடித்து, மேஜைமேல் வைத்தேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வாய்ஸ்கள் வந்திருந்தால் முதலாவது முடிந்ததும் அடுத்தது தானாகவே ஆரம்பிக்கும் என்பதும், காதை விட்டு எடுத்த கைப்பேசி ஸ்பீக்கரில் முழங்கும் என்பதும் அந்த இயந்திரத்தின் தர்மங்கள். "இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன் சார். அந்தப் பெண்ணோட தாய்மாமன் இருக்கானே, அசல் கஞ்சன்..." என்று பந்தி முழுவதும் கேட்க நண்பர் தொடர்ந்தார். தாய்மாமன் எனக்கு அடுத்த இலையில் இருந்தார். பாயசம் எனக்கு இறங்கவில்லை. அவர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

இவ்வளவுக்கும் நண்பர் கூறும் சமாதானம் ஒன்றே: "டைப் அடிக்க வரலை சார்." எழுத்தறியாத தாய் வளைகுடாவில் இருக்கும் மகனுக்கும், பார்வை மங்கிய பாட்டி பேத்திக்கும் குரலை அனுப்புவது வேறு, அவர்களுக்கு இந்த வசதி வரப்பிரசாதம். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் நம் நண்பரோ, தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் தேறியவர். போதாதென்று சுருக்கெழுத்தும் பயின்று, ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோவாகவே உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவர். பெரிய அதிகாரிகள் அறையில் உலாவிக்கொண்டும், காபி குடித்துக்கொண்டும், சொன்னதை மாற்றிச் சொல்லிக்கொண்டும் இருக்க, இவர் நோட்டும் பென்சிலுமாக விளிம்பில் உட்கார்ந்து, "சுருக்கமாகச் சொல்லுங்கள் ஐயா" என்று ஒரு தடவையாவது சொல்ல முடியாமல், விழுந்த சொல்லையெல்லாம் பொறுக்கி எடுத்து அழகாக அடித்துக் கொடுத்திருக்கிறார். இதை நினைத்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி தணிந்தது. இப்போது டிக்டேஷன் கொடுக்கும் முறை அவருடையது. பென்சிலோடு உட்காரும் முறை நம்முடையது. ஆயுள் முழுதும் கேட்டவருக்குப் பேச ஆசை இராதா?

மீதிப் பாதிக் கோபம் தணியவில்லை. தணிய நியாயமும் இல்லை. சம்பாஷணை என்பது இருவர் கூடிச் செய்வது. திண்ணையில் உட்கார்ந்து பேசிய காலத்தில், "அது கிடக்கட்டும், வந்த விஷயத்தைச் சொல்லுங்காணும்" என்று ஒருவர் மற்றவரை மடக்கலாம். தொலைபேசியில்கூட "அடுப்பில் பால்" என்று சொல்லி விடுபடலாம். வாய்ஸில் மடக்குவாரும் இல்லை, விடுபடுவாரும் இல்லை. பேசும் சுகத்தைத் தாம் வைத்துக்கொண்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு மணியையோ ஒரு முகவரியையோ தேடி எடுக்கும் உழைப்பை எதிராளியின் தலையில் கட்டுவதற்கு நட்பு என்று பெயர் சூட்டலாகாது. எழுத்தில் அனுப்பிய முகவரியை ஆறு மாதம் கழித்தும் இரண்டு எழுத்தைத் தட்டித் தேடி எடுக்கலாம். வாய்ஸில் வந்த முகவரிக்கு, ஆறு மாதத்து வடையையும் கீரையையும் வரிசையாகக் கேட்டு வர வேண்டும். என்னுடைய பிளம்பர் இன்னும் வந்தபாடில்லை.

ஆகவே நண்பருக்கு என் விண்ணப்பம் இது. தேதி, நேரம், முகவரி, தொலைபேசி எண் இந்த நான்கையும் தயைகூர்ந்து எழுத்தில் தாருங்கள். சங்கீத விமர்சனத்தையும் கீரை பேரத்தையும் வாய்ஸில் அனுப்புங்கள். சாவகாசமாக, இரட்டை வேகத்தில் கேட்டுக்கொள்கிறேன். ஊர் வம்பை மட்டும் இரண்டு தெரு நடந்து நேரில் வந்து சொல்லுங்கள். அதற்கு எழுத்தும் கூடாது, ஒலிப்பதிவும் கூடாது.