‘எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது’: இணைய ஏலத்தில் அறியாமையின் விலை குறித்து ஓர் ஆய்வு

பழங்காசு, தபால்தலை, பழைய நோட்டு முதலியவற்றை இணையத்தில் ஏலம் விடுவோரும் எடுப்போரும் ஒருவரை ஒருவர் ஏய்க்கும் முறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதெல்லாம் ஓர் ஆய்வுப் பொருளா என்று கற்றோர் முகம் சுளிக்கலாம். விற்பவனுக்குத் தெரிந்த குறை வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் சந்தை என்ன பாடுபடும் என்று ஜார்ஜ் அக்கர்லோஃப் பழைய கார் வியாபாரத்தை வைத்து எழுதிய கட்டுரையையும் அற்ப விஷயம் என்று சொல்லி ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பியதுண்டு. 1970-ல் அது ஒருவழியாக அச்சேறியது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு முனைவர் பட்டம் போதும்.

அக்கர்லோஃப் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் மட்டும் தேவைப்படுகிறது. அவருடைய சந்தையில் விற்பவனுக்கு எல்லாம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. காசு ஏலத்தில் இருவரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று விற்பவர் சத்தியம் செய்கிறார். தனக்கு எல்லாம் தெரியும் என்று வாங்குபவர் நம்புகிறார். தொழில் முழுவதும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நடக்கிறது.

முதலில் மூலபாடம். “தாத்தா பெட்டியில் இருந்தது. எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரிஜினலா என்று கேட்காதீர்கள், போட்டோவைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் கிடையாது.” இதற்கு உரை: முதல் வாக்கியம் காசுக்குக் குலம் கோத்திரம் தருகிறது. இரண்டாவது, விற்பவரைப் பொறுப்பிலிருந்து கழற்றிவிடுகிறது. மூன்றாவது, வாங்குபவரை நிபுணர் பதவியில் அமர்த்துகிறது. நான்காவது, கதவைச் சாத்துகிறது. நான்கிலும் உயிர்நிலை இரண்டாவதுதான். அதைப் படித்த மாத்திரத்தில் ‘ஐயோ பாவம், இந்த ஆளுக்கு இதன் மதிப்புத் தெரியவில்லையே’ என்று வாங்குபவர் மனத்தில் இரக்கம் சுரக்கிறது. சுரந்த கையோடு, அதை அவரிடம் சொல்லிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் சுரக்கிறது. தெரியாதவரிடமிருந்து அடிமாட்டு விலைக்குத் தட்டிவிடலாம் என்று வந்தவர், பிறகு ஏமாந்தேன் என்று புலம்பும்போது ஆய்வாளன் சற்று விலகி நிற்பது நல்லது.

அந்தத் தாத்தா தனி ஆய்வுக்கு உரியவர். அவர் பெட்டி வாராவாரம் நிரம்புகிறது. குப்தர் பொற்காசு, திப்பு சுல்தானின் யானைக்காசு, விக்டோரியா வெள்ளி ரூபாய் எல்லாம் ஒரே பெட்டியில் ஒரே நிறப் பாசியுடன் இருந்திருக்கின்றன. படங்களையும் கவனிக்க வேண்டும். காசு பூப்போட்ட படுக்கைவிரிப்பின் மேல் கிடக்கிறது. விரிப்பின் நூலிழை, அதில் சிந்திய காபிக் கறை, ஓரத்தில் நுழையும் கட்டைவிரலின் நகச்சொத்தை எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கின்றன. காசில் ஆண்டு பொறித்த இடத்துக்கு வந்தவுடன் அந்த போன் கேமராவுக்குப் பார்வை மங்கிவிடுகிறது.

இந்த வித்தையின் உச்சம் 2000-ஆம் ஆண்டு மே மாதம் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் நடந்தது. ஒருவர் ஓர் ஓவியத்தை 25 சென்ட்டுக்கு ஏலத்தில் வைத்தார். பழைய சாமான் விற்பனையில் வாங்கியது என்றார். மனைவி வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள் என்றார். குழந்தை மூன்றுசக்கர வண்டியை மோதி ஓட்டை போட்டுவிட்டது என்றும் வருந்தினார். அவருக்கு மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. அவர் ஒரு வக்கீல். ஓவியத்தின் மூலையில் ‘ஆர்.டி. 52’ என்று இருந்ததைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. படத்தில் மட்டும் தெரிந்தது. அது பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்தது என்று பார்த்தவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். கேட்பு 1,35,805 டாலருக்குப் போயிற்று. அந்த எழுத்துகளை எழுதியவரே விற்றவர்தான். வேறு பெயரில் தன் ஓவியத்துக்குத் தானே விலை கேட்டிருந்தது தெரிந்து ஈபே ஏலத்தை ரத்து செய்தது. பிறகு வழக்கும் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ‘டீபென்கார்ன்’ என்ற பெயரை விற்றவர் உச்சரிக்கவே இல்லை என்பதுதான்.

நம் ஊரில் இதற்கு நிகர் ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு’. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார். மறுபக்கம் கம்பெனி பெயரும் ஆண்டும். கம்பெனி அப்படி ஒரு காசை 1818-ல் அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து பரப்பிய வில்லைகள் அவை. அரிசியை இழுக்கும், அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி இவற்றை லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் எங்கேயாவது சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா என்று மடக்கினால் அதுவும் செல்லாது. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதே கம்பெனி மதராஸில் அடித்த கால் வராகன், அரை வராகன் வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் விஷ்ணுவும் இருக்கிறார்கள். பொய் இப்படி உண்மைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதால்தான் பாதி படித்தவர்கள் முழுதாக விழுகிறார்கள்.

அடுத்து, ஏற்றிவிடும் ஆள். இவரைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கோட்பாடு வேண்டும். அதிக விலை கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவதாகக் கேட்டவரின் விலை. இப்படி ஓர் ஏலம் நடத்தினால், மனத்தில் உள்ள விலையை மறைக்காமல் கேட்பதே எல்லோருக்கும் லாபம் என்று வில்லியம் விக்ரி 1961-ல் நிறுவினார். அவருக்கும் 1996-ல் நோபல் கிடைத்தது. தபால்தலைக்காரர்களோ 1893-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கடிதம் மூலம் இந்த மாதிரி ஏலம் நடத்தியிருக்கிறார்கள். யாரும் பரிசு தரவில்லை. நம் உச்சவரம்பைப் பெற்றுக்கொண்டு நமக்காகத் தானே படிப்படியாக ஏற்றிக் கேட்கும் ஈபேயின் ஏற்பாடும் ஏறக்குறைய இதுவே. கோட்பாட்டில் குறையில்லை. இரண்டாவதாகக் கேட்பவர் விற்பவரின் மைத்துனராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேட்புப் பட்டியலைப் பொறுமையாகப் புரட்டினால் மைத்துனரைச் சந்திக்கலாம். அவர் ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் விலை கேட்பார். எப்போதும் தோற்பார். தோற்றதற்காக ஒருநாளும் மனம் தளரமாட்டார். மறுநாள் அடுத்த காசுக்கு அதே உற்சாகத்தோடு வந்து நிற்பார். தவறிப்போய் ஜெயித்துவிட்டால், ‘வாங்கியவர் பின்வாங்கிவிட்டதால்’ அந்தக் காசு அடுத்த வாரம் மறுபடி ஏலத்துக்கு வரும். வெற்றியில் இவ்வளவு பற்றற்ற மனிதரை வேறு எந்தத் துறையிலும் காண்பதரிது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தன் சரக்குக்குத் தானே கேட்பதும் ஆள் வைத்துக் கேட்க வைப்பதும் கூடாது என்கிறது. விலையை ஏற்ற இப்படிப் பொய்க் கேட்பு நடந்திருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையையே தள்ளிவிடலாம். சைபர் மோசடிக்குப் புகார் சொல்லக் கூப்பிட வேண்டிய எண்ணும் 1930. அரசாங்கம் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள வசதி.

வாங்குவோர் எல்லாம் உத்தமர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இருவர் கூட்டுச் சேர்ந்து, ஒருவர் நூறு ரூபாய் கேட்க, மற்றவர் உடனே இருபதாயிரம் கேட்டு மற்ற எல்லோரையும் விரட்டிவிட்டு, கடைசி நேரத்தில் தன் கேட்பை விலக்கிக்கொண்டால், காசு நூறு ரூபாய்க்குக் கூட்டாளியிடம் போய்ச் சேரும். வாட்ஸ்அப் குழுக்களில் இவ்வளவு நுட்பம் தேவையில்லை. ஜெயித்துவிட்டுக் காணாமல் போனால் போதும். அங்கே அழைக்கும் முறையை வைத்தே பணம் வருமா என்று கணிக்கலாம். ஏலம் நடக்கும்போது “ப்ரோ”. ஜெயித்ததும் “அண்ணா, நாளைக்குக் கண்டிப்பா போட்டுடறேன்”. மறுநாள் “சார், ஆஸ்பத்திரியில இருக்கேன்”. “சார்” வந்துவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். இவர்களினும் கொடியவர், நல்ல காசை வாங்கிவைத்துக்கொண்டு தன்னிடமிருந்த தேய்ந்த காசைத் திருப்பி அனுப்பி “போட்டோவில் இருந்த மாதிரி இல்லை” என்பவர். பார்சல் கட்டும்போதும் பிரிக்கும்போதும் இரு தரப்பும் வீடியோ எடுக்கும் சடங்கு இவரால் ஏற்பட்டது. ஈபேயில் 2008-லிருந்து வாங்குபவருக்கு விற்பவர் எதிர்மறை மதிப்புரை இட முடியாது என்பதும் இவருக்குக் கூடுதல் பலம்.

தற்காப்புக் கருவிகள் எளியவை. நகைக்கடைத் தராசு ஒன்று, காந்தம் ஒன்று. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், தேய்ந்தால் குறையும், கூடாது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் வாதம் முடிந்தது; ஒட்டாவிட்டால் முடியவில்லை, ஏனென்றால் பித்தளையும் ஒட்டாது. விளிம்பில் வார்ப்பின் தழும்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அரிது. 1938 ரூபாயின் கடைசி இலக்கத்தை இழைத்து ஒன்பதாக்குவது இத்துறையில் பழகிய கைவேலை. இவற்றோடு, நம் விலையை ஒருமுறை முடிவு செய்துவிட்டுக் கடைசி சில விநாடிகளில் கேட்க வேண்டும். மைத்துனருக்கு நம்மைச் சீண்டிப் பார்க்க நேரமிருக்காது. பழைய நோட்டை லட்சங்களுக்கு வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. அதற்கு மேல் ஆய்வாளன் சொல்ல ஒன்றுமில்லை.

மேலாய்வுக்கு ஒரு பொருள் எஞ்சுகிறது. மன்னர் காலத்திலேயே புழங்கிய கள்ளக்காசுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. அவற்றுக்கும் நல்ல விலை உண்டு. ஆகவே தாத்தா பெட்டியில் இப்போது ‘அந்தக் காலத்து ஒரிஜினல் டூப்ளிகேட்’ கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. இது உண்மையிலேயே அந்தக் காலத்துப் போலியா அல்லது போலியின் போலியா என்று ஒருவர் கேட்டு, தராசில் வைத்த படம் அனுப்பச் சொன்னார். தராசு ரிப்பேரில் இருக்கிறதாம்.