இல்லாத ஆளுக்கு இன்சூரன்ஸ்

ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா

அன்புள்ள அத்தானுக்கு,

"லைசென்ஸ் வந்துட்டே, இப்ப உனக்குக் கீழ எத்தனை பேருடே?" என்று கேட்டிருந்தீர்கள். ஒருத்தன் இருக்கிறான். ஆளைத்தான் காணோம்.

இந்த மாநிலத்தில் ஏ.சி., ஹீட்டர் வேலைக்கு சி-20 என்று தனி லைசென்ஸ். 2023-லிருந்து சி-20காரன் தொழிலாளர் விபத்துக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், தொழிலாளி ஒருவன்கூட இல்லாவிட்டாலும். நானோ ஒண்டிக்கட்டை முதலாளி. இது யாருக்கு என்று ஏஜென்ட் அம்மாளிடம் கேட்டேன். "நாளைக்கு ஆள் வைத்தால்?" என்றாள். கூரையிலிருந்து நான் விழுந்தால்? "நீங்கள் முதலாளியாயிற்றே!" என்னையும் சேர்க்கத் தனிக் காசாம். ஆக, கூரை ஏறுகிறவன் நான், பத்திரமாக இருக்கிறவன் அவன். இப்போது அவனோடு பேசவும் ஆரம்பித்துவிட்டேன். "கெபாசிட்டரை எடுடே" என்றால் எடுக்க மாட்டான். ஆனால் லீவு கேட்பதில்லை, டீக்குக் காசு கேட்பதில்லை. நம்ம கடைப் பையன் செல்லப்பாவுக்கு இவன் எவ்வளவோ மேல்.

லைசென்ஸ் சும்மா வரவில்லை. கடந்த பத்து வருஷத்துக்குள் நாலு வருஷம் மெக்கானிக்காக வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். உங்களிடம் கற்றதற்குத் தாள் ஏது? நம்ம கடையில் பில் புக்கே காலண்டரின் முதுகுதானே. இங்கே சம்பளத்துக்கு இருந்த காலத்தைக் காட்டினேன். கைரேகை எஃப்.பி.ஐ. வரைக்கும் போயிற்று. தொழிலுக்கு ஒரு பரீட்சை, சட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் ஒன்று, 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம். ஏ.சி. கேஸைத் தொட வேறொரு சான்றிதழ். பழைய மெஷினைக் கழற்றும்போது வாசலில் நின்று கேஸைப் பீச்சி விடுவோமே, அது இந்த நாட்டில் 1992-லிருந்து குற்றம். சிலிண்டருக்குள் இழுத்துப் பிடித்தாக வேண்டும். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

வயிறு எரிவது அட்வான்ஸுக்குத்தான். வீட்டு வேலைக்குப் பத்து சதவீதமோ ஆயிரம் டாலரோ, எது குறைச்சலோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 12,000 டாலர் வேலைக்கு ஆயிரம். மெஷினை என் கார்டில் வாங்கி மாட்டிவிட்டு, வீட்டுக்காரர் மனசு குளிரும்வரை காத்திருக்கிறேன். இந்த மாசம் பணம் குறைவாக வந்ததற்கு வேறு காரணம் தேடாதீர்கள்.

ஆனாலும் வண்டியில் நம்ம கடைப் பேரைத்தான் எழுதியிருக்கிறேன், கீழே லைசென்ஸ் எண்ணோடு. வெயில் நாற்பதைத் தாண்டுகிற நாளில் அந்த வண்டி தெருவுக்குள் திரும்பினால் எம்.எல்.ஏ. வந்த மாதிரிதான். ஏணி பிடிக்கத்தான் ஆள் இல்லை. கீழே நின்று நீங்கள் திட்டாமல் மேலே ஏற இன்னும் கால் பழகவில்லை.

அக்காள் கேட்டால் இன்சூரன்ஸ் எடுத்தாச்சு என்று சொல்லுங்கள். யாருக்கு என்று சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்