யார் சார் கை வெச்சது?

என் வண்டி கார்பரேட்டர் காலத்து ஸ்ப்ளெண்டர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு விற்கிற வண்டிகளில், பெட்ரோலை எப்போது எவ்வளவு பீய்ச்சுவது என்பதைப் பெரும்பாலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போயே ஆகவேண்டும். வீட்டுக்காரன் கைக்கு அங்கே வேலையில்லை. கொடுத்துவைத்த வண்டிகள். என்னுடையதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

செயின் லூசாகிக் கடகடத்தது. தெருமுனை மெக்கானிக் டைட் வைக்க 50 ரூபாய் வாங்குவார். அந்த ஐம்பதை மிச்சம்பிடிக்க 850 ரூபாய்க்கு ஸ்பேனர் செட் வாங்கினேன். 17 தடவை டைட் வைத்தால் போட்ட பணம் வந்துவிடும் என்று மனைவியிடம் கணக்குக் காட்டினேன். “அதுவரைக்கும் வண்டி இருக்குமா?” என்றாள். பி.காம். படித்தவள், தேய்மானத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாள்.

வேலை என்னவோ எளிதுதான். செயின் கவரில் இருக்கிற ரப்பர் மூடியைப் பிடுங்கி, ஓட்டை வழியே விரலை விட்டுப் பார்க்கவேண்டும். செயின் மேலும் கீழும் 2 முதல் 3 செ.மீ. ஆடலாம். கூடுதலாக ஆடினால் பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகவேண்டும். அளவு தெரிவதற்குக் கோடுகூடப் போட்டிருக்கிறார்கள். கோடு தெரியக் கண்ணாடி போடவேண்டும். வழுக்குகிற கண்ணாடியைக் கிரீஸ் விரலால் தள்ளவேண்டும். அப்புறம் கோடு எங்கே தெரிகிறது? சக்கரம் பின்னால் நகர்ந்தால் பிரேக் ராடும் இழுபடும், அதையும் தளர்த்திவிட வேண்டும் என்பதை, தெருவைத் தாண்டுவதற்குள் வண்டியே எனக்குத் தெரிவித்தது.

மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். அதாவது, நான் தள்ளினேன். மனைவி ஹெல்மெட்டைத் தூக்கிவந்தாள்.

அவர் பின்சக்கரத்தை ஒரு சுழற்றுச் சுழற்றினார். அது கால் சுற்றில் நின்றது.

“யார் சார் கை வெச்சது?”

டாக்டராவது நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்பார். மெக்கானிக்குகளுக்கு முதல் கேள்வியே இதுதான்.

“தாம்பரம் பக்கம் ஒருத்தர்கிட்ட விட்டேன்” என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

“அவனெல்லாம் மெக்கானிக்கா சார்? சக்கரம் கோணிக்கிட்டு நிக்குது. செயினை இந்த முறுக்கு முறுக்கியிருக்கான், பேரிங் என்னத்துக்கு ஆகும்?”

“எனக்கும் அப்பவே சந்தேகம்தான். ஆளைப் பார்த்தாலே விவரம் பத்தாதுன்னு தெரிஞ்சுது.”

“எவ்வளவு புடுங்கினான்?”

“850 ரூபாய்.” அதில் மட்டும் பொய்யில்லை.

“அநியாயம் சார்!”

இருவரும் சேர்ந்து திட்டினோம். ஒரு கட்டத்தில் அவரைவிட எனக்குத்தான் ஆத்திரம் அதிகம் வந்தது. போலீசில் சொல்லலாமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி அந்த வெயிலிலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வண்டியைச் சரிசெய்து 50 ரூபாய் வாங்கிக்கொண்ட மெக்கானிக், இனி அந்த ஆளிடம் வண்டியை விடமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எவ்வளவு உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. பிளக்கில் கரி பிடித்திருக்கும். துண்டு உப்புத்தாள் இருந்தால் போதும். இதற்குப் போய் மெக்கானிக்கா? வாசலில் ஸ்பேனர் பையை விரித்து உட்கார்ந்தேன்.

சமையலறை ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது.

“என்னங்க, தாம்பரத்துக்காரர் வந்துட்டாரா? அவருக்குக் காபியில சர்க்கரை போடலாமா?”