திரெட் சேர்ந்தால் போதுமா?

கேள்வி: ஏனுங்க, கம்பெனி பெட்டியில் வரும் ஆயில் ஃபில்டர் ஒரு விலை, லோக்கல் ஃபில்டர் அதில் பாதி விலை. ரெண்டும் ஒரே அளவு, ஒரே திரெட். உள்ளே இருப்பது காகிதம்தானே, அதுக்கு எதுக்குங்க இவ்வளவு காசு?
— பனியன் கம்பெனி மேலாளர், அவிநாசிபாளையம்

பதில்: உங்களிடம் ஆர்டர் கொடுக்க வரும் பையர் துணியைத் தடவிப் பார்த்ததோடு விடுகிறாரா? ஜி.எஸ்.எம். எவ்வளவு, துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும் என்று லேப் ரிப்போர்ட் கேட்கிறார். ஃபில்டர் வாங்கும்போது நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அதில் காசு கொடுத்து வாங்குவது முழுக்கத் தகரத்துக்குள் மறைந்திருக்கிறது. திரெட் சேர்ந்தால் ஃபில்டர் இன்ஜினில் நிற்கும், அவ்வளவுதான். அது எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதை மடிப்பு மடிப்பாக வைத்த காகிதம்தான் தீர்மானிக்கிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பேரிங்கை அதிகம் தேய்ப்பவை அதைவிடப் பல மடங்கு சிறிய, கண்ணுக்கே தெரியாத துகள்கள். 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பு ஆய்வு ஒன்று வெளியானது. 40 மைக்ரான் ஃபில்டருக்குப் பதில் 30 மைக்ரான் ஃபில்டர் போட்டபோது இன்ஜின் தேய்மானம் பாதியாகக் குறைந்தது. 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. காகிதத்துக்கு ஏன் காசு என்ற கேள்விக்கு இதுவே பதில். ஆனால் பெட்டியில் ‘20 மைக்ரான்’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடிக்கிற ஃபில்டரும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைப் பிடிப்பதும் போட்டுக்கொள்ளலாம். எத்தனை மைக்ரானில் எத்தனை சதவீதம் என்று இரண்டு எண்ணும் சேர்ந்து வந்தால்தான் அதற்கு அர்த்தம். அதை அளப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனை முறை இருக்கிறது.

கேள்வி: அப்படீன்னா இருப்பதிலேயே நுண்ணிய ஃபில்டரா வாங்கிப் போட்டுட்டா இன்ஜினுக்கு நல்லதுதானுங்களே?
— டிராவல்ஸ் வைத்திருப்பவர், கொடுவாய்

பதில்: அங்கேதான் நிதானம் வேண்டும். காகிதம் நுண்ணியதாகி, பரப்பளவு கூடாவிட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்தாலும் இன்ஜினுக்கு ஆயில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். பல கார்களில் அந்த வால்வு ஃபில்டருக்குள்ளேயே இருக்கும்; காகிதத்தின் இரு பக்க அழுத்த வித்தியாசம் ஏறத்தாழ 1 பார் ஆனதும் திறந்து, ஆயிலை வடிகட்டாமலே அனுப்பிவிடும். அழுக்கு ஆயில் ஓடினால் தேய்மானம், ஆயிலே ஓடாவிட்டால் சில நிமிடத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அதனால் இந்த ஏற்பாடு சரியானதே. எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதை அந்த இன்ஜினின் ஆயில் பம்ப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மட்டமான ஸ்பிரிங் போட்ட ஃபில்டரில் வால்வு முன்கூட்டியே திறந்து கிடக்கும், காகிதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. இன்னொரு வால்வும் உண்டு. வண்டியை நிறுத்தியதும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் கீழே வடியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அது. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டப்பட்ட இன்ஜின்களில் இதுதான் உயிர். சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் விறைக்கும், சிலிக்கான் தாங்கும். ரப்பர் விறைத்துவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடி கடகடவென்று சத்தம் கேட்கும். ஆயில் மேலே ஏறிச் சேருவதற்குள் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது என்று பொருள். ஆகவே நுண்மை, பரப்பு, இரண்டு வால்வு என எல்லாம் சேர்ந்து உங்கள் இன்ஜினுக்குப் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்தைத்தான் பார்ட் நம்பர் சொல்கிறது.

கேள்வி: வெளியே வாங்கிப் போட்டால் வாரண்டி போயிடும்னு சர்வீஸ் சென்டரில் சொல்றாங்க. அப்போ அவங்க சொல்ற விலைதானா?
— வாசகர், பொங்கலூர்

பதில்: இல்லை. கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே தயாரிப்பதில்லை. மாலே, மேன் ஹம்மல், பாஷ், எலோஃபிக் போன்ற பெயர்களில் ஃபில்டர் செய்பவர்கள் தனியே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நல்ல தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் வண்டியின் பார்ட் நம்பருக்கு நேராக உள்ள ஃபில்டரைத் தாராளமாகப் போடலாம். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப்பட்டறையில் வேலை பார்த்ததற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. தப்பான ஃபில்டரால் இன்ஜின் கெட்டால் அந்தச் சேதத்துக்கு வாரண்டி கேட்க முடியாது என்பதையும் மறக்காதீர்கள். அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள், வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி மட்டும் கம்பெனியுடையதாக இருக்கும் டூப்ளிகேட்டுக்கும் பில்தான் முதல் காவல்.

கேள்வி: இருபது வருசமா லோக்கல்தான் போடறேன். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலீங்களே!
— விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

பதில்: உங்கள் அனுபவத்தைத் தள்ளிவிட மாட்டேன். காலத்தில் மாற்றிய சாதாரண ஃபில்டர், இரண்டு சர்வீஸ் தாண்டி ஓடிய உயர்ந்த ஃபில்டரைவிட மேல். நீங்கள் தவறாமல் மாற்றியிருப்பீர்கள், அதுதான் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தேய்மானம் ஒரே நாளில் தெரிவதில்லை. மைலேஜ் மெல்லக் குறையும், ஆயில் குறையத் தொடங்கும். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியையும் இந்த ஃபில்டரின் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைப் பிடிப்பது ஏர் ஃபில்டர். அதைச் சுத்தமாக வைத்தாலே ஆயில் ஃபில்டருக்கும் சுமை குறையும். வீட்டுக்கும் தறிக்கும் மட்டும் குட்டி ஓட்டம் ஓடும் காரில் ஆயில் முழுச் சூடு ஏறாது. ஈரமும் பெட்ரோலும் அதில் கலந்து தங்கும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று கையேட்டில் இருந்தால், உங்களுக்கு வருடக் கணக்குதான் பொருந்தும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் ஃபில்டரையும் மாற்றுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வாஷரில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், பழைய வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாஷர் சேர்ந்துவிட்டால் நடுரோட்டில் ஆயில் முழுவதும் கொட்டிவிடும்.