அரண்மனை அவர்களுக்கு, பாடம் நமக்கு

கேள்வி: மகள் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டாள். அடுத்து மனித உரிமை, ஜனநாயகம் என்று எம்.ஏ. படிக்கப் போகிறாளாம். கூடப் படித்த பிள்ளைகள் நர்சிங் முடித்து குவைத்தில் சம்பாதிக்கிறார்கள். நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதா?
(ஒரு தகப்பன், தக்கலை)

பதில்: குவைத்தில் இறங்கியதும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால், அதைத் திருப்பி வாங்க வழி தெரிந்த ஒருத்தி ஊரில் இருக்க வேண்டாமா அண்ணாச்சி? நர்ஸும் வேண்டும், இவளும் வேண்டும்.

சம்பளத்தில் பொய் சொல்ல மாட்டேன். தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் பெட்ரோலுக்கும் சாயாவுக்கும் சரியாகப் போகும். சட்டப் படிப்பும் கையில் இருந்தால் பிழைப்புக்கு நல்லது. ‘நெட்’ தேர்வில் ‘மனித உரிமைகளும் கடமைகளும்’ தனிப் பாடமாகவே இருக்கிறது. தேறினால் கல்லூரி வேலைக்கு ஒரு கதவு திறக்கும். திறந்த கதவுக்குள் நாற்காலி காலியாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

கேள்வி: இந்தப் படிப்பு எங்கேதான் இருக்கிறது?
(கல்லூரி மாணவர், அழகியமண்டபம்)

பதில்: வெனிசில், லிடோ தீவில், ஒரு பழைய கிறிஸ்தவ மடத்துக்குள் இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து 1997-ல் தொடங்கிய முதுகலை அது. பாதி வருடம் தீவில், மீதி வருடம் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில். ஆசியாவுக்கு அதே மாதிரி ஒன்றைத் தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகம் நடத்துகிறது. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகம் பேர் பெற்றது. அந்த நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்ததும் ஊர் திரும்பச் சொல்வார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் மனித உரிமைக்கென்று தனி மையம் உண்டு. தக்கலையிலிருந்து பார்த்தால் டெல்லியைவிடக் கொழும்புதான் கிட்டே.

சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம்., நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை. நெல்லைக்கு ஆகும் பஸ் கூலியைக் கேட்டால் தக்கலைத் தகப்பனும் சம்மதித்துவிடுவார்.

கேள்வி: வெனிசுக்குப் போய்ப் படிக்கிற அளவுக்கு நம்மூரில் பாடம் இல்லையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவிதாங்கோடு)

பதில்: டீச்சரே, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அங்கே முதல் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி சொல்லிக் கொடுப்பார்கள். நம் பிள்ளை கையைத் தூக்கி, “எங்கள் கல்குளம் தாலுகாவில்...” என்று ஆரம்பிக்கலாம்.

நாடார் பெண்களும் அவர்களுக்குக் ‘கீழே’ என்று வைக்கப்பட்ட பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்பது திருவிதாங்கூர் வழக்கம். கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போடலாம் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் உத்தரவு வந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது, ஆத்திரம் சந்தையில் இருந்தது. 1822-ல் கல்குளம் பகுதியில் மேலாடை அணிந்த பெண்களை வழிமறித்து உடையைக் கிழித்தார்கள். விஷயம் பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆமாம், நம்முடைய பத்மநாபபுரம்தான், மேட்டுக்கடையிலிருந்து நடந்தே போகலாம். 1823-ல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பின் ஆயுள் ஆறு வருடம். 1829 பிப்ரவரியில் அரசாங்கப் பிரகடனம்: குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது. கையெழுத்திட்டது ராணி கௌரி பார்வதி பாய், ஒரு பெண். மறுபடியும் அடிதடி, 1858-ல் கலவரம், சென்னை கவர்னர் டிரெவிலியனின் நெருக்குதல். கடைசியில் 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா இறங்கி வந்தார். மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது.

அந்த ‘ஆனால்’ இருக்கிறதே, அதன் மேல் மட்டும் ஓர் ஆய்வேடு எழுதலாம். உரிமையைக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்து முந்தானையை மட்டும் பிடித்துக்கொள்கிற ‘ஆனால்’. இன்றைய அரசாணைகளிலும் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. ‘வெள்ளைக்காரன் வாங்கிக் கொடுத்தான்’ என்று பரீட்சையில் எழுதினால் மார்க் போய்விடும். மிஷனரிகள் மனு எழுதினார்கள், ரெசிடென்டுகள் கடிதம் எழுதினார்கள், சரி. அடி விழும் என்று தெரிந்தே சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்தது அந்தப் பெண்கள். ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இந்தக் கதை இருந்தது. 2019-ல் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள், பிள்ளைகளுக்குப் பாரம் குறையட்டும் என்று. பாரம் யாருக்குக் குறைந்தது என்பதை டீச்சர் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டுப் போடத் தெரிந்தால் போதாதா? ஜனநாயகத்தை வேறு தனியாகப் படிக்க வேண்டுமா?
(வியாபாரி, முளகுமூடு)

பதில்: ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தவர்கள்தான் 1954-ல் சுட்டார்கள்.

பட்டம் தாணுப்பிள்ளை திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரை எதிர்த்துச் சிறைக்குப் போன மனிதர். அவரே அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர். தென் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி நடத்தியது. ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும், இன்று நாம் மார்த்தாண்டம் என்கிற தொடுவெட்டியிலும் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின.

சுவாரசியம் இதற்கப்புறம். பட்டத்தின் கட்சியான பிரஜா சோஷலிஸ்டுக்கு அப்போது பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. அவர் உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். ‘நம் அரசாங்கம் ராஜினாமா செய்ய வேண்டும்’ என்று சிறையிலிருந்தே சொல்லி அனுப்பினார். நாட்டிலேயே கட்சிக்கு இருந்த ஒரே முதலமைச்சரைப் பதவி விலகு என்கிறார் கட்சியின் பொதுச் செயலாளர்! கட்சி கேட்கவில்லை. தகராறு வளர்ந்து 1955-ல் லோகியா வெளியேறித் தனிக் கட்சி கண்டார். எதிர்க்கட்சி ஆட்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தால் எல்லாருக்கும் மனித உரிமை ஞாபகம் வரும். சொந்த ஆட்சியில் வந்தது அவருக்கு. அகில இந்தியக் கட்சி ஒன்று உடைந்ததில் புதுக்கடைக்குப் பங்கு உண்டு என்பதை, அந்தச் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கிற எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. ஓட்டு மட்டும் போட்டு வந்ததில்லை அண்ணாச்சி.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மண்ணில், சாவி கேரளாவிடம். இது மனித உரிமை மீறல் இல்லையா?
(புலியூர்க்குறிச்சி வாசகர்)

பதில்: இல்லை. நீங்கள் டிக்கெட் வாங்குகிறவரைக்கும் சுற்றுலா. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி திருவனந்தபுரம் கிளம்பும்போது இரண்டு மாநிலப் போலீசும் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்வதைப் பாருங்கள். துப்பாக்கி அப்படி நேராக நிற்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: காரில் ‘மனித உரிமைக் கழகம், மாவட்டத் தலைவர்’ என்று போர்டு மாட்டிப் போகிறார்களே, அதற்கும் இந்தப் படிப்பு வேண்டுமா?
(ஆட்டோ ஓட்டுநர், வில்லுக்குறி)

பதில்: அதற்குக் கார் போதும்.

கேள்வி: மனித உரிமை ஆணையம் பல் இல்லாத புலி என்கிறார்களே, அங்கே மனுப் போட்டு என்ன பிரயோஜனம்?
(குமாரபுரம் வாசகி)

பதில்: பல் முளைத்து வருகிறது. தேசிய ஆணையம் 1993-ல் வந்தது, தமிழக ஆணையம் 1997-ல். ‘பரிந்துரை’ என்ற சொல்லைச் சாக்காக வைத்து அதிகாரிகள் தட்டிக் கழித்துவந்தார்கள். பரிந்துரை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. கட்டணம் கிடையாது. தேசிய ஆணையத்துக்கும் தமிழிலேயே எழுதலாம். ஒன்றே ஒன்று, சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும்.

அந்த ஒரு வருடத்தில் கோட்டை விட்டவன் நான். ஓர் அலுவலகத்தில் பட்ட அவமானத்துக்கு, கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று இருந்துவிட்டுப் பதினான்காம் மாதம் மனு எழுதிக் கொடுப்பவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை இறக்கித் தேதியைக் கேட்டார், விரல்விட்டு எண்ணினார், போட்டிருந்த கார்பன் தாளை உருவி மடித்துப் பழையபடி டைரிக்குள் வைத்தார். “சாரே, கோபம் ஆறலாம், தேதி ஆறக் கூடாது.” எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காதவர். சாயாக் காசைக்கூட என்னைக் கொடுக்க விடவில்லை.

கேள்வி: சேருவதற்கு முன்னால் படிக்க வேண்டிய புத்தகம்?
(கல்லூரி மாணவி, இரணியல்)

பதில்: 1948 டிசம்பர் 10-ல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம். முப்பதே பிரிவுகள், தமிழில் கிடைக்கிறது. முதல் பிரிவு ஆங்கிலத்தில் ‘எல்லா ஆண்களும்’ என்று தொனிக்கிற சொல்லோடுதான் முதலில் இருந்தது. ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. அதைப் படித்த கையோடு, பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி உங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு தகவல் அறியும் மனு போட்டுப் பாருங்கள். பதில் வர முப்பது நாள் கெடு. நாளை எண்ணிக்கொண்டிருப்பதும் பாடத்திட்டத்தில் சேர்த்தி.

கேள்வி: முதல் கேள்வி எழுதியது என் அப்பா. தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த கவரைப் பிரித்துப் படித்துவிட்டு இந்தத் தாளையும் உள்ளே வைக்கிறேன். ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று நேர்முகத்தில் கேட்டால் என்ன சொல்லட்டும்? எங்கள் பாட்டி முந்திரி அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். வேறு சொல்ல எதுவும் இல்லை.
(மகள், தக்கலை)

பதில்: வேறு எதற்கு மக்களே? இன்று ராத்திரி பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டு எந்த விரலில் தோல் உரிந்தது, கையில் சாம்பல் பூச யார் சொல்லிக் கொடுத்தது, கிலோவுக்கு எவ்வளவு கூலி, எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்க விட்டார்களா, பி.எஃப். புத்தகம் கண்ணில் பட்டதா, ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் அதைச் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்ததை அவர்களே கேட்பார்கள்.

இன்னொன்று. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது அந்தப் பிரகடனத்தின் 12-வது பிரிவுக்கு விரோதம். அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் இந்த இதழை வாங்குவார்.