கல்யாணக் கேசட்டில் பெரியத்தை அகலமான வரலாறு: ஓர் ஆய்வு முன்னோட்டம்

இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்ததில்லை. (இந்த வாக்கியம் இல்லாத ஆய்வேட்டைத் தமிழ்நாட்டில் யாரும் கையில் வாங்குவதில்லை.) ஆகவே, வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து எம்பி4 ஆக மாற்றப்பட்ட கல்யாண வீடியோவில் தோன்றும் உருத்திரிபுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்களம் எங்கள் வீட்டுக் கூடம். ஆய்வு எல்லை முகூர்த்தம் முதல் முதல் பந்தி வரை. அதன்பின் நாடா சிக்கிவிட்டது.

திரிபுகள் பலவகைப்படும். படத்தின் அடியில் நெளியும் பட்டை, ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம். பழைய டிவியின் விளிம்பு அதை மறைத்து மானம் காத்தது, இப்போது வெட்டிவிடலாம். குறுக்கே ஓடும் புள்ளிக்கோடு டிராக்கிங் கோளாறு. மாற்றுவதற்கு முன்பே கவனித்திருக்க வேண்டும். இதய வடிவத்துக்குள் மணமக்கள் சுழல்வது திரிபன்று, எடிட்டிங்.

யாராவது அசைந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிவது அடுத்த வகை. நம்மூர் பால் (PAL) முறையில் நொடிக்கு 50 அரைப்படங்கள்: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டையும் அப்படியே ஒரே படமாகத் தைத்தால் சீப்பு வரும். டீஇன்டர்லேஸ் செய்தால் போகும். இரண்டின் வரிசையை மாற்றிக் கோத்துவிட்டால் நாதஸ்வரக்காரர் முன்னும் பின்னும் உதறுவார். எங்கோ கிடக்கும் அடியை எங்கோ கிடக்கும் அடியோடு சேர்த்து ‘மாட்டு’ என்று பொருள் சொன்ன நச்சினார்க்கினியர் இதற்கும் ஓர் உரை கண்டிருப்பார். மாற்றித் தந்த கடைக்காரர், “கேசட்டே அப்படித்தான் சார்” என்றார். உரையாசிரியர்களின் தன்னம்பிக்கை காலத்தால் மாறுவதில்லை.

தாலி கட்டும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைவதற்குக் காரணம் அட்சதை. இந்தப் பகுதி மட்டும், இடையில் யாரோ ஆக்கிய விசிடியிலிருந்து வந்திருக்கிறது. விசிடியில் படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட்தான். அசையாத மண்டபத்துக்கு அது தாராளம். நூறு கைகள் ஒரே நேரத்தில் அரிசி வீசினால் எதற்கென்று பங்கு போடுவது? தாலி கட்டமாகிவிடும். இதற்கு மருந்து கிடையாது, மூலக் கேசட்டுக்கே திரும்ப வேண்டும்.

இனி தலையாய சிக்கல். “நான் அப்ப இவ்வளவு குண்டா இல்லவே இல்ல” (பெரியத்தை, நேர்ப்பேச்சு, சமையலறை வாசல்). பழைய 4:3 படத்தைப் புதிய டிவியின் 16:9 திரைக்கு இழுத்தால் சரியாக மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடும். அதே கோப்பு கணினியில் அவரை மெலிவாகக் காட்டியது: 720-க்கு 576 புள்ளிகளைச் சதுரப் புள்ளிகளாகக் கொண்டால் படம் 5:4 ஆகும், மாகாணி பங்கு இளைப்பு. உண்மையான அத்தை இவ்விரு பாடங்களுக்கும் இடைப்பட்டவர்.

அவரை மீட்டெடுக்க ஒரு வட்டம் தேவை. வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது. எந்த வட்டம்? ஆரத்தித் தட்டு என்றேன். தட்டு சாய்வாகப் பிடிக்கப்பட்டது, சான்றாகாது என்று மறுப்பு வந்தது (சித்தப்பா, சோபாவின் இடக்கோடி, வாயில் வெற்றிலை இருந்ததால் பாடம் சிதைந்துள்ளது). வடை பரிசீலிக்கப்பட்டது, அன்றைய சமையல்காரர் வடையை வட்டமாகத் தட்டினார் என்பதற்கே ஆதாரமில்லை. தவிலின் வலந்தலை நேர்முகமாக வரும் காட்சி நாலே நொடி; அதற்குள் ஒரு மாமா குறுக்கே போகிறார். அவர் தம் மாமாதான் என்று பெண் வீட்டாரும், தம்முடையவர் என்று மாப்பிள்ளை வீட்டாரும் வாதிட்டதில் ஒரு மாலை கழிந்தது (அத்தையின் மாப்பிள்ளை, முதல் மறுப்பு; காபிக்குப் பின் திருத்திய மறுப்பு; பதிப்பாசிரியர் அவர் மனைவி; இறுதிப் பதிப்பு அவர் அறியாமலே வெளியானது). ஒரு சொல்லுக்காக மூன்று கருத்தரங்கம் நடத்தி, மூன்றிலும் பயணப்படி வாங்கியவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. எங்களுக்குக் காபி மட்டுமே கிடைத்தது.

கடைசியில் மண்டபச் சுவர்க் கடிகாரம் அகப்பட்டது. அது முட்டையாக இருந்தது.

வழக்குத் தீர்ந்தது. “திரும்ப மாத்தணும், தனி சார்ஜ்” என்றார் கடைக்காரர். தேவையே இல்லை. கோப்பின் தலைப்பில் காட்சி விகிதம் 4:3 என்று குறித்தால் போதும், படத்தைத் தொட வேண்டாம்; அதுவும் முடியாதவர்கள் ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றலாம். மாற்றினேன். கடிகாரம் உருண்டது. பெரியத்தை இளைத்தார்.

அவர் அரை நிமிடம் பார்த்தார். “ஏண்டா, ரெண்டு பக்கமும் கருப்பா விட்டிருக்கே? இவ்வளவு பெரிய டிவி எதுக்கு வாங்கினது?” என்று ரிமோட்டை வாங்கி, திரை நிறைய இழுத்து வைத்துக்கொண்டு மேலே பார்க்கத் தொடங்கினார்.