லேபிளியல்: திருநகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மதுரை திருப்பரங்குன்றம் மலைக்குகையில் சுமார் 2,000 ஆண்டுக்கு முன் வெட்டிய தமிழி எழுத்தை வாசித்துவிட்ட அறிஞர் உலகம், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் திருநகர் மளிகைக் கடைகளில் தொங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகை இன்னும் முறையாக வாசிக்கவில்லை. கல்வெட்டுக்காவது மைப்படி எடுக்கலாம். பாக்கெட்டில் ஊட்டச்சத்து அட்டவணையின் பாதி, ஒட்டிய மடிப்புக்குள் போய்விடுகிறது. டிரான்ஸ் கொழுப்பு என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது. மடிப்புக்குத் தப்பியதன் மேல் விலையும் தேதியும் அச்சாகியிருக்கும். போதாததற்கு, லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாலே போதும் என்பது விதி. சங்கம் வைத்து வளர்த்த ஊர் இதைப் பொறுத்துக்கொண்டிருப்பது தனி ஆய்வுக்குரியது.

ஆய்வுப்பொருளான டிரான்ஸ் கொழுப்பின் பிறப்பு: எண்ணெயில் நிக்கல் துணையோடு ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்றார். 1937-இல் டால்டா இந்தியச் சமையலறைக்குள் வந்தது. ஏற்றுவதைப் பாதியில் நிறுத்தினால், கொழுப்பு அமிலத்தின் வளைந்த சங்கிலிகளில் ஒரு பகுதி நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததே டிரான்ஸ். வளைந்த ஒலிக் அமிலம் 13 டிகிரியில் உருகிவிடுகிறது. அதே அணுக்களால் ஆன, நிமிர்ந்த எலைடிக் அமிலம் 45 டிகிரியை நெருங்கும்வரை அசைவதில்லை. சித்திரை வெயிலுக்கே அசராத சரக்கை எந்த பேக்கரி விடும்? உடம்புக்குள் போய் அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குவது பின்னால்தான் தெரிந்தது. நார்மனுக்கு வெகுகாலம் முன்பே ஆடுமாடுகளின் இரைப்பை நுண்ணுயிர்கள் இதே வேலையைச் சிறிய அளவில் செய்துவந்தன என்பதையும் பதிவு செய்கிறோம். அவை காப்புரிமை கோரவில்லை; சட்டமும் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை.

இனி வாசிப்பு முறை. பாக்கெட்டின் முன்பக்கம் சிறப்புப்பாயிரம். மரபுப்படி அதைப் பிறர்தான் பாட வேண்டும். இங்கே நூலாசிரியரே பாடிக்கொள்கிறார். ஆகவே தள்ளிவிடுக. பின்பக்கத்தில், ஓரிடத்திலுள்ள சொல்லை வெகுதூரத்திலுள்ள சொல்லோடு மாட்டிப் பொருள் காணும் மதுரை உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் வழியே கைகொடுக்கும். அட்டவணையின் பூஜ்யத்தை அப்படியே நம்பாமல், மேலே உள்ள சேர்மானப் பட்டியலோடு மாட்டுக. அது எடை கூடியதில் தொடங்கி இறங்கு வரிசையில் செல்வது. அங்கே வனஸ்பதி, பேக்கரி ஷார்ட்டனிங், பகுதி ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று ஏதேனும் முன்வரிசையில் நின்றால் பூஜ்யத்துக்கு உரை தேவைப்படும். முழுதாக ஹைட்ரஜன் ஏற்றியது என்றால் டிரான்ஸ் அநேகமாக இல்லை, ஆனால் நிறைகொழுப்பு ஏறியிருக்கும். பக்கத்து வரியையும் பார்க்க. ‘டிரான்ஸ் கொழுப்பு அற்றது’ என்று போட்டுக்கொள்ள நம் நாட்டில் 100 கிராமுக்கு 0.2 கிராமுக்குள் இருந்தால் போதும். நம்மவர்களின் பூஜ்யம் எப்போதுமே தாராளமானது.

சட்டத்தையும் குறை சொல்வதற்கில்லை. கொழுப்பில் டிரான்ஸின் பங்கு 5 சதவீதம் வரை போகலாம் என்றிருந்த உச்சவரம்பு 2021-இல் 3 ஆகவும், 2022 ஜனவரி முதல் 2 ஆகவும் இறங்கியது. ஒரு நாளைக்கு 2 கிராம் என்ற கணக்கில்தான் லேபிளின் சதவீதமும் போடப்படுகிறது.

ஆனால் களஆய்வில் ஒரு முறையியல் சிக்கல் எழுந்தது. திருநகர்வாசி இந்தக் கொழுப்பைச் சந்திக்கக்கூடிய முக்கிய இடங்களான மாலைநேரப் பப்ஸுக்கும் இரவுநேரப் பரோட்டாவுக்கும் முதுகே இல்லை. பப்ஸைச் செய்தித்தாள் துண்டில் வைத்துத் தருகிறார்கள். அச்சு மை உணவில் இறங்கும், அப்படித் தராதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. நமக்குக் கிடைத்த துண்டில் விருச்சிக ராசிக்குப் பணவரவு என்றிருந்தது. எண்ணெய் ஊறி மறுபக்கமும் தெளிந்ததில் ஒரு மணமகன் தேவை விளம்பரம் கிட்டியது. கொழுப்பு பற்றி இரு பக்கமும் ஒன்றுமில்லை.

எனவே நேர்காணல் முறைக்கு மாறி, மூன்றாவது ஸ்டாப் அருகே ஒரு பரோட்டா மாஸ்டரை அணுகினோம்.

“எதுலண்ணே போடுறீங்க?”

“கல்லுலதாண்ணே.”

மாதிரி ஒன்றே என்பதால் முடிவு கூறுவதற்கில்லை. இரண்டாம் மாதிரிக்குச் சொல்லியாயிற்று. சால்னா வரவேண்டியதுதான் பாக்கி.